விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து வேலைக்கு மாறலாமாம், மச்சாளை விடலாமா?

கைதடியான்:

எல்லாருக்கும் வணக்கம். மனைவியின் தங்கை, எனக்கு மச்சாள், அவளுடைய அலுவலாகத்தான் எழுதுகிறேன். வயது 29. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, காசும் இல்லை, கதையும் இல்லை. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவனுக்கு வருகிற ஆவணியில்தான் இரண்டு வயது முடியும். மாமியும் அவளோடுதான் இருக்கிறா. தோட்டத்துக் கூலிக்குப் போகிறாள், மழை பெய்தால் அதுவும் இல்லை. நுண்கடன் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்றின் கட்டுக்காசுக்காக மற்றதை எடுத்தது. காசு வாங்க வருகிற பெடியனின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பினாலே மூத்தவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறாள்.

சாவகச்சேரிப் பக்கத்து ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து கதைத்திருக்கிறார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு நேராக அனுப்ப ஏலாதாம், சின்னப் பிள்ளை இருக்கிறபடியால் பிரதேச செயலகத்தில் கையெழுத்து வைக்க மாட்டார்களாம். அதனால் விசிட் விசா எடுத்து துபாய்க்கு அனுப்பி, அங்கே கொஞ்ச நாள் நின்று, பிறகு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பாராம். விமான நிலையத்தில் கேட்டால் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதுமாம். கையில் மூன்று லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சாளுக்கு அந்த மூன்று லட்சம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அவளைக் குறை சொல்லவும் முடியாது.

எனக்குத் தெரிய வேண்டியது, இப்படிப் போவது சட்டப்படி சரியா, பிரச்சினை வந்தால் யாரிடம் போகலாம் என்பது. இன்னொன்றும் இருக்கிறது. புருஷன்காரன் முன்பு கட்டாருக்கு வேலைக்குப் போனபோது மூத்தவள் கைக்குழந்தை. அவனிடம் ஒருவரும் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்கவில்லை, ஒரு கடிதமும் தேவைப்படவில்லை. இவளிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இந்தச் சட்டம் உண்மையிலேயே இவளைக் காப்பாற்றத்தான் இருக்கிறதா?

நெல்லியடி அக்கா:

தம்பி, விசிட் விசாவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் குவைத்தில் இருந்து உழைத்துத்தான் வீட்டுக்குக் கூரை போட்டேன், மகளைப் படிப்பித்தேன். ஆனால் நான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, கொழும்பில் கையெழுத்து வைத்துப் போனவள். அப்படிப் போயும் என்ன பாடுபட்டேன் என்று சொல்கிறேன், அதற்குப் பிறகு பதியாமல் போவதைப் பற்றி யோசியுங்கள்.

இங்கே கையெழுத்து வைத்த தாளில் ஒரு சம்பளம் இருந்தது. அங்கே போன அன்றைக்கு மக்தப்பில் (ஆளெடுக்கிற கந்தோரை அப்படித்தான் சொல்வார்கள்) அரபியில் இன்னொரு தாளை நீட்டினார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தபோதுதான் குறைவு என்று விளங்கியது. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. ஆனால் என்னிடம் கொழும்புத் தாளின் போட்டோக்கொப்பி இருந்தது. புறப்படும் முன் என் தாய் அதை நாலாக மடித்துப் பொலித்தீனில் சுற்றி உள்பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டா. தூதரக நம்பரையும் வீட்டு நம்பரையும் தேவாரப் புத்தகத்தின் பின்மட்டையில் எழுதி வைத்திருந்தேன், போனைப் பறித்தாலும் சாமிப் புத்தகத்தைப் பறிக்கமாட்டார்கள் என்று. அந்தக் கொப்பியைக் காட்டித்தான் தூதரகம் மூலமாக என் சம்பளம் சரியானது. என் பெயர் பதிவில் இருந்தபடியால் அவர்கள் கேட்டார்கள். பதிவில் இல்லாதவளுக்காக யார் எதை வைத்துக் கேட்பது?

மக்தப்பில் விசிட் விசாப் பிள்ளைகளையும் பார்த்தேன். துபாயில் இருந்து மாற்றிக் கொண்டுவந்த இரண்டு பேர், ஒருத்தி வவுனியாப் பக்கம், மற்றவள் சிங்களப் பிள்ளை, குருநாகல். வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தெரிவு செய்யும் வரைக்கும் அறையை விட்டு வெளியே விடமாட்டார்கள். நின்று காட்ட வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஊருக்குப் போகப் போகிறேன் என்று குருநாகல் பிள்ளை அழுதபோது, உனக்குச் செலவழித்த காசைத் தா, போ என்றார்கள். அந்த மூன்று லட்சம் என்பது இதுதான் தம்பி. அது பரிசு இல்லை, அவள் கழுத்தில் போடுகிற கயிறு.

கச்சேரியடி:

இந்த அலுவல்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1985 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டத்தில்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. அந்தச் சட்டப்படி வேலைக்குப் போகிறவர் பணியகத்தில் பதிய வேண்டும், ஆள் சேர்க்கிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். வீடு வீடாக வருகிற சப் ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் ஒரு ஏஜென்சியின் பெயரைச் சொன்னால் உரிம இலக்கத்தைக் கேளுங்கள், பணியகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். விசிட் விசாக் கதை சொல்கிறவர் பெரும்பாலும் உரிம இலக்கத்தைத் தரமாட்டார். 2022 கடைசியில் ஓமானில் நடந்தது நினைவிருக்கும், சுற்றுலா விசாவில் கொண்டுபோய் வேலைக்கு விடப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் மஸ்கட்டில் தஞ்சமடைந்து கிடந்தார்கள், அந்த விசாரணையில் தூதரகத்தில் வேலை செய்த ஒருவரே கைதானார். அந்தப் பெண்களுக்கும் ஊரில் இதே வாக்குறுதிகளைத்தான் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளை விஷயத்தில் அந்த ஆள் சொன்னது பாதி உண்மை. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று. 2015 இல் அதை வேறு வேலைகளுக்குப் போகிற பெண்களுக்கும் நீட்டினார்கள். 2022 இல், நாட்டில் டொலர் இல்லாமல் போன நேரம், அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். ஆகக்குறைந்த வயதையும் 21 ஆக்கினார்கள், அதற்கு முன் பொதுவாக 23, சவூதிக்கு 25. ஆகவே உங்கள் மச்சாளுக்கு ஆவணிக்குப் பிறகு வழி இருக்கிறது. அதுவரைக்கும் காத்திருக்க முடியாதபடி கடன் நெரிக்கிறது என்பதுதான் அந்த ஆளுக்கு வாசி.

செய்ய வேண்டியது, பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்றே ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் மச்சாளையே கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது நடைமுறையில் உள்ள சுற்றறிக்கை எது, என்னென்ன தாள் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், இவை மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளைப் பொறுப்பேற்கப் போகிறவர் என்று அம்மம்மாவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் இவை எப்படியும் தேவைப்படும். பயிற்சியும் எடுக்க வேண்டும். அதற்குள் ஆவணி வந்துவிடும்.

அரியாலையூரான்:

எல்லாரும் எப்படிப் போவது என்றே கதைக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் போகலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பகுதிகளில் தாய் வெளிநாடு போன வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஆசிரியராக இருந்து பார்த்தவன் நான். பள்ளிக்கூடத்தை விட்டது, தகப்பன் குடித்து அழித்தது, இதைவிட மோசமானதும் இருக்கிறது, இங்கே எழுத விருப்பமில்லை. அந்த விதியை ஐந்து வயதிலேயே விட்டிருக்க வேண்டும். இரண்டாகக் குறைத்தது பிள்ளைகளின் நன்மைக்காக அல்ல, டொலருக்காக. ஊரிலே இருந்து கஷ்டப்பட்டாலும் பிள்ளையோடு இருக்கட்டும், இங்கே வேலை இல்லாமல் இல்லை.

வழக்கேடு:

அரியாலையூரான் சேர், டொலருக்காகத்தான் குறைத்தார்கள் என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். 2022 இல் அனுப்பிய ஆட்கள் 3 லட்சத்துக்கும் மேல், அதற்கு முன் ஒரு வருஷத்திலும் அத்தனை பேர் போகவில்லை. ஆனால் ஐந்து வயது விதி இருந்தபோது பிள்ளைகள் காப்பாற்றப்பட்டார்களா என்றும் கேளுங்கள். தாய்மார் நிற்கவில்லை. சிலர் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள், சிலர் பிள்ளையே இல்லை என்று எழுதினார்கள், மற்றவர்கள் இந்தச் சாவகச்சேரி ஆள் போன்றவர்களின் கையில் விழுந்து விசிட் விசாவில் போனார்கள். தாயும் போனாள், அவளுக்கிருந்த பாதுகாப்பும் போனது. பிள்ளையைக் காப்பதென்றால் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும், பகல் நேரப் பராமரிப்பு நிலையம், பள்ளிக்கூடத்தில் ஒரு கவனிப்பு, பொறுப்பேற்ற கிழவிக்கு ஒரு கொடுப்பனவு. அதில் ஒன்றும் செய்யாமல் தாயின் பயணத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டால் அது தண்டனைதான்.

இந்த வயதுக் கட்டுப்பாடுகள் வந்த கதையையும் மறந்துவிடுகிறோம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9 இல் சவூதியில் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். அவர் 2005 இல் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் பிறந்த வருஷம் 1988 என்பதற்குப் பதிலாக 1982 என்று இருந்தது. வீட்டு வேலைக்குப் போன சிறுமியிடம் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள், அது இறந்துபோனது. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தகுதி இருந்ததா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. இதில் தவறு எங்கே? பொய் வயதில் கடவுச்சீட்டு எடுத்துக்கொடுத்த தரகரிடம், அதைப் பிடிக்காத அரசாங்கத்திடம், தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் முதல் நாளே அவர் பக்கத்தில் இல்லாததில். ஆனால் அதற்குப் பிறகு எடுத்த முடிவு என்ன? பெண்களின் வயதைக் கூட்டினார்கள், அந்த வருஷமே குடும்ப அறிக்கையையும் கொண்டுவந்தார்கள். பொய் வயது போடத் தெரிந்த தரகருக்கு 23 ஆனால் என்ன, 25 ஆனால் என்ன?

கைதடியான், ஆணிடம் ஏன் கேட்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், சட்டம் பிள்ளையைத் தாயின் பொறுப்பு என்று மட்டுமே பார்க்கிறது என்பதுதான். ஆனால் இன்னொரு சட்டம் தகப்பனையும் பார்க்கிறது, அதை ஒருவரும் பாவிப்பதில்லை. 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், தாபரிப்பு என்றால் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டிய காசு. மச்சாள் நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்கும் தனக்கும் தாபரிப்புக் கேட்டு வழக்குப் போடலாம். லோயருக்குக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான், ஆனாலும் வழக்கு இருக்கட்டும், நாளைக்கு அவன் திரும்பி வந்து வெளிநாட்டுக் காசில் உரிமை கேட்கும்போது அது உதவும்.

இனி அந்தப் பக்கத்துச் சட்டம். இது முக்கியம், ஏனென்றால் விமானம் ஏறியபிறகு இலங்கைச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வளைகுடா நாடுகளில் கஃபாலா முறை. உங்கள் விசா முதலாளியின் கையில், அவரைக் கஃபீல் என்பார்கள். அவருடைய வீட்டை விட்டு வெளியே ஓடினால் அடித்தார், சம்பளம் தரவில்லை என்பதெல்லாம் பிறகு, முதலில் நீங்கள்தான் ஓடிப்போனவள் என்ற குற்றவாளி. வீட்டு வேலை செய்கிறவர்களைப் பல நாடுகள் பொதுத் தொழிற்சட்டத்துக்கு வெளியிலேயே வைத்தன. சவூதி தொழிற்சட்டத்தின் 7 ஆவது பிரிவு வீட்டுப் பணியாளரை வெளியே விடுகிறது, அவர்களுக்குத் தனி ஒழுங்குவிதிகள்தான். லெபனானிலும் தொழிற்சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை.

குவைத்தில் 2015 இல் 68 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு, சம்பளத்துடன் வருடாந்த லீவு, முடிந்து வரும்போது வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், பாஸ்போர்ட்டைப் பணியாளரின் சம்மதமில்லாமல் வைத்திருக்கக்கூடாது. கட்டார் 2017 இல் வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் போட்டது, 2021 மார்ச்சிலிருந்து எல்லாத் தொழிலாளருக்கும் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 இல் புதிய சட்டம், நாளில் 12 மணித்தியால ஓய்வு, ஆளெடுக்கிற செலவைப் பணியாளர் தலையில் கட்டக்கூடாது. தாளில் இவையெல்லாம் நல்ல சட்டங்கள். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் தொழில் பரிசோதகர் வருவதில்லை. அதோடு இந்த உரிமைகள் கைக்கு வர, வேலை விசாவும் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். விசிட் விசாவில் இருக்கிறவளுக்கு முறைப்பாடு செய்யப் போகிற இடத்திலேயே, விசா முடிந்தும் ஏன் நிற்கிறாய் என்ற கேள்விதான் முதலில் வரும். ஏஜென்டுகள் இந்த வழியை விரும்புவதே அதனால்தான், அவளால் வாய் திறக்க முடியாது.

ஐ.நா.வின் புலம்பெயர் தொழிலாளர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1996 இலேயே சேர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களை வேலைக்கு எடுக்கிற வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. 2024 இல் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பிய காசு 6.5 பில்லியன் டொலருக்கு மேல். அங்கிருந்தபடி வாக்குப் போட அவர்களுக்கு வழி இல்லை. அதனால் எந்தக் கட்சிக்கும் அவர்களைப் பார்த்துப் பயமில்லை, குவைத்தோடு சம்பளம் பேசும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

நெல்லியடி அக்கா:

அரியாலை ஐயா, நீங்கள் ஆசிரியர், மரியாதையோடு சொல்கிறேன். நான் போகும்போது மகளுக்கு நாலு வயது. போகாமல் இருந்திருந்தால் நானும் அவளும் பிச்சை எடுத்திருப்போம். சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த எத்தனை பேர் வடக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் பிள்ளையோடு இரு என்று சொல்கிற ஊர், அரிசிக்கு என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை. கனடாவுக்கும் சுவிசுக்கும் போனால் வெளிநாடு போயிருக்கிறார் என்பார்கள், எங்களைப் போன்றவள் போனால் சவூதிக்குப் போனவள் என்று குரலைத் தாழ்த்துவார்கள். மகளுக்குக் கலியாணம் பேசும்போதுகூட அதைத் தூக்கினார்கள். பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குள்ள கவலை உண்மையானது, எனக்குத் தெரியும். அந்தக் கவலையை என் தாய் மாதிரி வீட்டில் நின்று பார்க்கிற கிழவிகளுக்கு உதவி செய்வதில் காட்டுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பின்னேரம் கொஞ்ச நேரம் கூட வைத்துப் படிப்பியுங்கள்.

இரணைமடு:

இங்கே வேலை இல்லாமல் இல்லை என்று அரியாலையூரான் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்தவர்கள். 77 இனக்கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தது தாத்தா குடும்பம். 1948 இல் குடியுரிமையைப் பறித்த சட்டத்தால் நாடற்றவர்களாக இருந்தவர்கள், 2003 இல் கடைசியாக ஒரு சட்டம் வந்துதான் மிச்சப் பேருக்கும் குடியுரிமை கிடைத்தது. காணிக்கு உறுதி இல்லாமல் கிளிநொச்சியில் இன்றும் எத்தனையோ குடும்பங்கள். என் அம்மா பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு விடப்பட்டவள். அந்த வீட்டுக்காரர் கெட்டவர்கள் இல்லை, அடித்ததில்லை. ஆனால் அவளுக்குத் தனிக் கோப்பை, குசினிக்குப் பின்னால் பாய், கிணற்றில் அள்ளக்கூடாது, அள்ளி ஊற்றுவார்கள். சம்பளம் வருஷத்துக்கு ஒரு தரம் தாத்தா வந்து வாங்கிக்கொண்டு போவார். அம்மாவின் கையில் காசு பட்டதே இல்லை.

இப்போது அந்த வயதுப் பிள்ளையை வைத்திருக்க முடியாது, 2021 இல் வேலைக்கு எடுக்கிற ஆகக்குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக்கிவிட்டார்கள், அது நல்லது. ஆனால் 30 வயதுப் பெண் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தால் அவளுக்கு என்ன சட்டம் இருக்கிறது? ஊழியர் சேமலாப நிதியில் வீட்டு வேலையைச் சேர்க்கவில்லை. 2016 இல் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டமும் வீட்டு வேலையாட்களை வெளியே விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டது. வீட்டு வேலையாட்களுக்கென்றே இருக்கிற சட்டத்தைத் தேடினால் வெள்ளைக்காரன் 1871 இல் போட்டதுதான் அகப்படுகிறது, அது வேலைக்காரரைப் பதிந்து வைத்துக்கொள்வதற்கு, சம்பளம் கேட்பதற்கு இல்லை. சவூதித் தொழிற்சட்டம் வீட்டு வேலைக்காரரை வெளியே வைத்திருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்து வைத்திருக்கிறோம். குவைத்திலாவது 12 மணித்தியாலம் என்று ஒரு எண் சட்டத்தில் இருக்கிறது.

பிறகு குவைத்துக்காரன் எங்கள் பிள்ளையைச் சரியாக நடத்த வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தால் அவவின் சம்பளத்தை மாதா மாதம் அவவின் கையிலேயே கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுங்கள். அதற்கு ஒரு சட்டமும் வரத் தேவையில்லை. ஆனால் சட்டமும் வர வேண்டும். இப்போது வீட்டுக்காரருக்கு மனது வந்தால் கொடுக்கிறார்கள், வராவிட்டால் அவளால் ஒன்றும் கேட்க முடியாது.

அரியாலையூரான்:

அக்காவும் தங்கச்சியும் எழுதியதை வாசித்தேன். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதில் இருந்து நான் மாறவில்லை. ஆனால் தாயை மட்டும் மறித்தால் போதாது என்பது சரிதான். தாய் போன வீட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று அந்தந்தப் பள்ளிக்கூடத்துக்காவது தெரிய வேண்டும், எங்களுக்குப் பெரும்பாலும் பிள்ளை வராமல் நின்ற பிறகுதான் விஷயமே தெரியவரும். பிரதேச செயலகத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன?

கைதடியான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மனைவியும் நானும் போய் மச்சாளோடு கதைத்தோம். அப்போதுதான் வெளியே வந்தது, ஒன்றரை லட்சம் ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம். நுண்கடன் ஒன்றை அதில் கட்டியும்விட்டாள். பாஸ்போர்ட்டை அந்த ஆள் விசா போடுவதற்கென்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது போகவில்லை என்றால் காசை வட்டியோடு தர வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை என்கிறார். எதிலோ கையெழுத்தும் வாங்கியிருக்கிறார், என்ன தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை, சிங்களத்தில் இருந்ததாம். நெல்லியடி அக்கா எழுதியதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினேன், அதற்குப் பிறகுதான் அழுது அழுது சொன்னாள். ஆவணி வரைக்கும் பொறுக்கிறேன் என்கிறாள். இந்தக் காசுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன செய்வது?

கச்சேரியடி:

பயப்பட வேண்டாம். கடவுச்சீட்டு அரசாங்கத்தின் ஆவணம், கடனுக்கு ஈடாக அதை வைத்திருக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள், அதில் ஆள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னது, காசு கொடுத்தது, பாஸ்போர்ட்டை மறித்து வைத்திருப்பது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே நாளில் 1989 க்கும் அழைத்துப் பதியுங்கள், உரிமம் இல்லாதவரைப் பற்றிய முறைப்பாட்டைப் பணியகம் தனியாக விசாரிக்கும். அவர் போனில் அனுப்பிய குரல் பதிவுகள், மெசேஜ்கள் எதையும் அழிக்க வேண்டாம். அழைத்தால் இனி மச்சாள் தனியாகக் கதைக்கக்கூடாது.

பெரும்பாலும் பொலிஸ் என்றதும் பாஸ்போர்ட் திரும்பி வந்துவிடும். அப்படி வந்தாலும் முறைப்பாட்டை வாபஸ் வாங்க வேண்டாம், அவர் அடுத்த ஒழுங்கைக்குத்தான் போவார்.

வழக்கேடு:

காசு விஷயத்தில் அவசரப்பட்டு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிடாதீர்கள், கொடுக்கவே மாட்டோம் என்றும் இப்போது சொல்ல வேண்டாம். 2006 இல் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தலைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறார்கள், இந்த முற்பணம் அதற்குள் வருமா என்பதை லோயர் பார்க்கட்டும். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகும்போது தாபரிப்பு அலுவலையும் சேர்த்தே கதையுங்கள். அந்தச் சிங்களத் தாளின் பிரதியை அவர்கள் கேட்டு வாங்குவார்கள். கொடுக்க வேண்டியது அந்த ஒன்றரை லட்சம்தான் என்று வந்தால், தவணையாக, பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, சாட்சியோடு கொடுக்கலாம்.

நுண்கடன் மற்றதைப் பற்றி, 2018 இல் அரசாங்கம் ஒரு லட்சத்துக்குட்பட்ட நிலுவைக் கடன்களை வடக்கு உட்பட சில மாவட்டங்களில் ரத்துச் செய்தது, பிறகு கம்பனிகள் அதே வாசல்களுக்குத் திரும்பி வந்தன. ஆகவே அதை நம்பி இருக்க ஏலாது. ஆனால் கட்டுக்காசு வாங்க வருகிறவர் இரவில் வந்து நிற்கவோ, வீட்டுக்குள் வரவோ, பிள்ளைகளுக்கு முன்னால் ஏசவோ முடியாது. அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

நெல்லியடி அக்கா:

தம்பி, பொலிஸுக்குப் போகும்போது மச்சாளோடு ஒரு பெண் துணைக்குப் போக வேண்டும், உங்கள் மனைவிக்கு முடியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நெல்லியடியில் இருந்து பஸ் ஏறி வருகிறேன். ஆவணிக்குப் பிறகு சரியான வழியில் போவதாக இருந்தால், போகிறதுக்கு முன் ஒரு நாள் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சமையல் அரபி, வோஷிங் மெஷின், மருந்துப் போத்தல் எது என்று வாசிப்பது, குவைத் அடையாள அட்டையை, அங்கே அதைப் பத்தாக்கா என்பார்கள், எப்படிக் கேட்டு வாங்குவது, சம்பளம் வாங்கும்போது கையெழுத்துக்கு முன் எண்ணுவது எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன்.

கைதடியான்:

திங்கட்கிழமை காலை போகிறோம் அக்கா, மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கொடிகாமத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், எட்டு மணிக்குச் சந்தியில் நில்லுங்கள்.